டிரெய்லருக்குப் பின்விளக்கு பூட்டுவது எப்படி?

மூடுபனி இறங்கிய மாலை நேரத்தில் பூனாகலை வீதிகளில் வாகனம் ஓட்டியவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். முன்னால் போகும் வாகனம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதன் சிவப்பு விளக்கு மட்டுமே புலப்படும். விளக்கு இல்லாத வாகனம் பின்னால் வருபவரைப் பொறுத்தவரை வீதியில் இல்லாத வாகனமே.

எமது தோட்டங்களில் அதிகமாக உழைக்கும் வாகனம் டிரெக்டரும் அதன் பின்னால் கொழுவிய பெட்டியும்தான். மடுவத்தில் கடைசி நிறுவை முடிந்ததும் கொழுந்து ஏற்றி ஸ்டோருக்குப் போவது அது. உரம், விறகு, மரக்கறி, சீமெந்து ஏற்றுவதும் அதுவே. திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதையும் நாம் பார்க்கிறோம். இலங்கையில் ஆண்டு முழுவதும் பொழுது சாய்வது மாலை 6 மணியை ஒட்டியே. ஊவாவில் மழை கூடிய மாதங்களில் 5 மணிக்கே இருள் கவிந்துவிடும். ஆகவே டிரெய்லரின் நாளாந்த வேலையில் ஒரு பகுதி எப்போதும் இருட்டிலேயே நடக்கிறது.

டிரெக்டரில் விளக்கு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. டிரெக்டரின் பின்புறச் சிவப்பு விளக்குகள் பெட்டியின் பலகைக்கு முன்னால் மறைந்துவிடுகின்றன. பெட்டியைக் கொழுவிய அந்தக் கணமே டிரெக்டரின் பின்விளக்குகள் பயனற்றவை. அவை செய்யும் வேலையைப் பெட்டியின் பின்பலகைக்குக் கொண்டுபோக வேண்டும். இக்கட்டுரை அதைப் பற்றியதே. கராஜ் வைத்திருப்போர், தோட்டத்துச் சாரதிகள், வயரிங் வேலை பழகும் இளைஞர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

நாற்பது மீற்றர் கணக்கு

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகிறது. தடையைக் கண்ட சாரதியின் கால் பிரேக்கில் பதிய ஒன்றரை விநாடி என்று வைத்தால், அதற்குள் 21 மீற்றர் போய்விடும். நனைந்த வீதியில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 19 மீற்றர் அளவு வேண்டும். மொத்தம் 40 மீற்றர். இறக்கத்தில் இது மேலும் கூடும்.

கடும் மூடுபனியில் விளக்கில்லாத பெட்டி 20 மீற்றர் தூரத்திலும் தெரியாமல் போகலாம். அதாவது, பெட்டியைக் கண்ட சாரதி பிரேக்கை மிதிக்கும் முன்னரே பெட்டியருகே வந்துவிடுகிறார். ஒழுங்காக எரியும் இரண்டு சிவப்பு விளக்குகள் அவருக்குத் தருவது நேரம். அந்த நேரத்தில்தான் பெட்டியில் இருப்பவர்களின் உயிரும் தங்கியிருக்கிறது.

எந்த விளக்கு, எத்தனை வாட்?

பின்பலகையில் மூன்று வேலைகள் நடக்க வேண்டும்.

முதலாவது, கராஜ்களில் பார்க் லைட் என்று சொல்லப்படும் சிவப்பு வால் விளக்கு. இருட்டில் எப்போதும் எரிவது. பக்கத்துக்கு ஒன்று, 5 வாட்.

இரண்டாவது, பிரேக் லைட். பெடலை மிதிக்கும்போது மட்டும் பளிச்சென எரிவது. பக்கத்துக்கு ஒன்று, 21 வாட்.

மூன்றாவது, மஞ்சள் சிக்னல் லைட். பக்கத்துக்கு ஒன்று, 21 வாட்.

இவற்றோடு இலக்கத்தகட்டுக்கு வெள்ளொளி தரும் 5 வாட் பல்ப் ஒன்றும் வேண்டும்.

வால் விளக்கையும் பிரேக் லைட்டையும் பெரும்பாலும் ஒரே பல்பே தருகிறது. அதன் கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று 5 வாட், மற்றது 21 வாட். பல்பின் அடியில் உள்ள இரண்டு சிறு குமிழ்கள் ஒரே உயரத்தில் இருக்காது. மாறிப் பூட்டாமல் இருப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பல்ப் ஹோல்டருக்குள் இறங்கவில்லை என்று குமிழை அரத்தால் தேய்த்து நுழைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிரேக் இழை எப்போதும் எரியும்; மிதிக்கும்போது மங்கிய இழை எரியும். பின்னால் வருபவருக்கு அது தலைகீழான செய்தி.

பணி தொடங்கும் முன் இரண்டு கேள்விகள்

டிரெக்டரின் பற்றரி எத்தனை வோல்ட்? பெரும்பாலான டிரெக்டர்கள், ஜீப்கள், பிக்அப்கள் 12 வோல்ட். பெரிய லொறிகள் 24 வோல்ட். 12 வோல்ட் பல்ப் பூட்டிய பெட்டியை 24 வோல்ட் லொறியில் கொழுவினால் பல்புகள் உடனே கருகும். 24 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் பூட்டினால் கனல்போல் மங்கி எரியும். பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது. பல்பின் உலோகத் தண்டில் வோல்ட்டும் வாட்டும் பொறித்திருக்கும். வாங்கும்போதே வாசித்துப் பாருங்கள்.

பற்றரியின் எந்த முனை இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது? இன்றைய வாகனங்களில் அது நெகட்டிவ் முனை. பழைய பிரித்தானிய வாகனங்கள் சிலவற்றில் பொசிட்டிவ் முனை. சாதாரண இழைப் பல்புக்கு இதில் வேறுபாடில்லை. எல்.ஈ.டி. விளக்குக்கு உண்டு, வயர் மாறினால் எரியாது. ஆகவே பழைய டிரெக்டரில் எல்.ஈ.டி. பூட்டுமுன் இதைப் பார்த்துக்கொள்க.

ஏழு வயர்களும் அவற்றின் நிறங்களும்

டிரெக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையில் வயரை முறுக்கி டேப் சுற்றுவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. பெட்டியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வயரை அறுக்கிறார்கள். மறுபடி கொழுவும்போது எதை எதோடு முறுக்கினோம் என்பது மறந்துவிடுகிறது. இதற்கு மாற்று ஏழு முனைப் பிளக்கும் சொக்கட்டும். 12 வோல்ட் வாகனங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 1724 என்ற சர்வதேச நியமம் பின்வரும் ஒழுங்கைத் தருகிறது. ஒவ்வொரு முனைக்கும் அருகில் இலக்கம் பொறித்திருக்கும்.

1 — மஞ்சள் வயர் — இடப்பக்கச் சிக்னல்
2 — நீல வயர் — பின்புறப் பனிவிளக்கு, இருந்தால்
3 — வெள்ளை வயர் — எர்த்
4 — பச்சை வயர் — வலப்பக்கச் சிக்னல்
5 — கபில நிற வயர் — வலப்பக்க வால் விளக்கு
6 — சிவப்பு வயர் — இரு பக்கப் பிரேக் லைட்
7 — கறுப்பு வயர் — இடப்பக்க வால் விளக்கு

வீட்டு வயரிங் பழகிய இளைஞர்கள் இங்கே மிகுந்த கவனம் எடுக்க வேண்டும். வீட்டில் பச்சை என்றால் எர்த். இங்கே பச்சை என்றால் வலப்பக்கச் சிக்னல். ஜப்பானிய வாகனங்களில் கறுப்பு பெரும்பாலும் எர்த். இங்கே கறுப்பு என்றால் இடப்பக்க வால் விளக்கு. எர்த்துக்கு உரியது வெள்ளை.

24 வோல்ட் லொறிகளின் ஏழு முனைப் பிளக் வேறு நியமம். அங்கே முனைகளின் ஒழுங்கும் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

ஒரு தோட்டத்தில் மூன்று டிரெக்டரும் ஐந்து பெட்டிகளும் இருந்தால், எல்லாவற்றிலும் இதே ஒழுங்கு இருக்க வேண்டும். அப்போதுதான் எந்த டிரெக்டரும் எந்தப் பெட்டியையும் இழுக்கலாம். ஒரு கராஜ் ஒரு விதமாகவும் இன்னொரு கராஜ் இன்னொரு விதமாகவும் பூட்டினால், இடப்பக்கம் திரும்பும் டிரெக்டரின் பெட்டி வலப்பக்கம் கண் சிமிட்டும்.

திரும்பி வரும் வயர்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாயின் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பற்றரியிலிருந்து புறப்படும் மின்சாரம் பல்பை எரித்துவிட்டு மறுபடி பற்றரிக்கே வந்து சேர வேண்டும். போகும் வழி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வரும் வழி கெட்டால் விளக்கு எரியாது. வரும் வழியைத்தான் எர்த் என்கிறோம்.

பலர் எர்த் வயரைப் போடுவதில்லை. பெட்டி இரும்பு, டிரெக்டர் இரும்பு, இரண்டையும் இணைக்கும் கொளுக்கி ஊசியும் இரும்பு. மின்சாரம் அதன் வழியே வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். புதிய பெட்டியில் அது வேலை செய்யும். ஆறு மாதத்தில் ஊசியில் துரு ஏறும். அதன்மேல் கிரீஸ், சேறு, உரத்தூள் படியும். பெட்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வரும். ஏற்றத்தில் ஊசி இறுகி விளக்கு எரியும். இறக்கத்தில் தளர்ந்து அணையும். பிரேக் லைட் மிகவும் தேவைப்படும் இடம் இறக்கம் அல்லவா?

எர்த் அறுந்தால் விளக்குகள் வெறுமனே அணைந்துவிடுவதில்லை. தவறான செய்தியும் சொல்லும். பிரேக்கை மிதித்ததும் மின்சாரம் 21 வாட் இழைக்குள் போகிறது. எர்த்துக்குப் போக வழியில்லை. அதே பல்பிலுள்ள 5 வாட் இழை வழியாகப் பின்வாங்கி, வால் விளக்கு வயரில் ஏறி, டிரெக்டரின் பின்விளக்குகளைத் தேடிப் போய் அங்கே எர்த்தைக் கண்டுபிடிக்கிறது. அதனால் பிரேக்கை மிதித்தால் வால் விளக்கு மினுங்கும். சிக்னல் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டும். சாரதிகள் இதைப் பிசாசு வேலை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இத்தகைய குழப்பத்தைக் கண்டால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் வெள்ளை வயர்.

ஆகவே மூன்றாம் முனையிலிருந்து தனி வெள்ளை வயர் ஒன்றை டிரெய்லரின் ஒவ்வொரு விளக்குக்கும் கொண்டுபோங்கள். விளக்கின் உறையைப் பலகையில் பூட்டியிருந்தால் இது கட்டாயம். பலகை மின்சாரத்தைக் கடத்தாது. கூடவே வெள்ளை வயரை டிரெய்லரின் சட்டத்தில் ஓரிடத்தில் போல்ட் நட்டினால் இறுக்குங்கள். அந்த இடத்தில் பெயின்டையும் துருவையும் பளபளப்பாகும் வரை சுரண்டி, இறுக்கிய பின் கிரீஸ் பூசுங்கள். டிரெக்டரில் இருக்கும் வெள்ளை வயரும் சட்டத்தோடு இவ்வாறே இறுக்கமாக இணைந்திருக்க வேண்டும்.

மெல்லிய வயரால் வரும் நட்டம்

வயரின் தடிப்பு அடுத்த விடயம். மெல்லிய வயர் மலிவு என்பதால் பலர் அதையே வாங்குகிறார்கள். அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

டிரெக்டரின் முன்புறப் பற்றரியிலிருந்து பெட்டியின் பின்பலகைக்கு 8 மீற்றர் என்று வைப்போம். போக வர 16 மீற்றர். செம்பு இழையின் குறுக்களவு 0.5 சதுர மில்லிமீற்றர் என்றால், இந்த 16 மீற்றரின் தடை ஏறக்குறைய 0.56 ஓம். இரண்டு பிரேக் லைட்டும் சேர்ந்து 42 வாட், அதாவது 3.5 அம்பியர் இழுக்கும். வழியிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் தொலைந்துவிடும். இழைப் பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் அளவைவிட மிக வேகமாகக் குறையும் தன்மையது. 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் தொலைவது 0.7 வோல்ட்டுக்கும் குறைவு. எல்லா விளக்கின் மின்சாரமும் திரும்பி வருவது வெள்ளை வயரின் வழியே என்பதால் அதை இன்னும் தடிப்பாக, 2.5 சதுர மில்லிமீற்றராகப் போடுவது நல்லது.

டிரெக்டரின் வயரில் இணைப்பது

டிரெக்டரின் பின்விளக்குகளுக்கு வரும் வயர்களைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை பல்ப் போதும். 5 வாட் பல்பு ஒன்றின் ஒரு முனையை நெகட்டிவ் சட்டத்தில் கொழுவி, மறு முனையால் ஒவ்வொரு வயர் முனையையும் தொட்டுப் பாருங்கள். இடச் சிக்னல், வலச் சிக்னல், பிரேக், வால் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எந்த வயர் எதற்கு என்று கடதாசித் துண்டில் எழுதி வயரில் கட்டிவிடுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

பின்னர் பின்வரும் ஒழுங்கில் செய்க.

1. பற்றரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குக.

2. சொக்கட்டைக் கொளுக்கிக்கு அருகில், சக்கரம் சேறு அடிக்காத இடத்தில் பூட்டுக. மூடி கீழ்நோக்கி மூடுவதாக இருக்க வேண்டும்.

3. வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் ஒட்டி அல்லது நசுக்கி இணைக்கும் முனைகளைப் பயன்படுத்துக. அதன்மேல் வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போடுக. எமது மழைக்கு டேப் ஒரு பருவம்கூடத் தாங்காது.

4. வயர் எங்கேயும் தகரத்தின் கூரான விளிம்பில் உராயக் கூடாது. ஓட்டைகளில் ரப்பர் வளையம் இடுக. சட்டத்தோடு ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கட்டுப் போடுக.

5. கொளுக்கி இருக்கும் இடத்தில் வயரைத் தளர்வாக விடுக. கொண்டை ஊசி வளைவில் டிரெக்டர் முழுதாகத் திரும்பும்போது இழுபடக் கூடாது. நேராக ஓடும்போது நிலத்தில் உரசவும் கூடாது.

6. டிரெய்லருக்குப் போகும் மின்சாரத்துக்குத் தனி பியூஸ் போடுக. ஒரு பக்கச் சிக்னலோடு மற்ற எல்லா விளக்கும் ஒருசேர எரிந்தாலும் ஏறக்குறைய 6.5 அம்பியர்தான். 10 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் கருகினால் சிகரட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் வேண்டாம். பியூஸ் கருகியது ஏன் என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து கருகுவது வயராக இருக்கும்.

பழைய டிரெக்டரின் சுவிட்சுகள் கூடுதல் சுமையைத் தாங்காமல் சூடாகலாம். அப்படியானால் ரிலே பூட்டுக. ரிலேயின் 30ஆம் முனைக்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர், 87ஆம் முனையிலிருந்து டிரெய்லர் விளக்குக்கு, 86க்கு டிரெக்டரின் பழைய விளக்கு வயர், 85க்கு எர்த். இனிச் சுவிட்ச் கட்டளை மட்டும் கொடுக்கும். சுமையைத் தூக்குவது ரிலே.

சிக்னல் விடயத்தில் இன்னொன்று. சிக்னலைச் சிமிட்ட வைக்கும் பிளாஷர் குறிப்பிட்ட சுமைக்கே செய்யப்பட்டது. டிரெய்லரின் 21 வாட் பல்பும் சேர்ந்தால் பழைய வகைப் பிளாஷர் மிக வேகமாகச் சிமிட்டும். டிரெய்லரோடு ஓடுவதற்கென்று விற்கப்படும் பிளாஷரைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் எல்.ஈ.டி.க்கு மாற்றினால் நிலைமை மறுபுறம். சுமை குறைவதால் சில பிளாஷர்கள் பல்ப் கருகிவிட்டது என்று எண்ணிப் படபடக்கும். அதற்கும் தனிப் பிளாஷர் உண்டு.

பிரேக் லைட் சுவிட்ச் இல்லாத டிரெக்டர்கள் பல உள்ளன. பெடல் தண்டோடு கம்பிச்சுருளால் இழுபடும் சிறு சுவிட்ச் ஒன்றைப் பூட்டலாம். டிரெக்டரில் இடம் வலம் என இரண்டு பிரேக் பெடல்கள் இருப்பதை மறக்க வேண்டாம். வயலில் தனித்தனியே மிதிப்பதற்காக உள்ளவை அவை. வீதியில் இரண்டையும் கொண்டியால் பூட்டி ஒன்றாக்கியே ஓட வேண்டும். அப்போதுதான் சுவிட்சும் ஒழுங்காக வேலை செய்யும். அதைவிட முக்கியமாக, வண்டி ஒரு பக்கம் இழுத்துப் புரளாது.

எல்.ஈ.டி. நல்லதா?

நல்லது. குலுக்கலில் அறுந்துபோக அதில் இழை இல்லை. மின்சாரம் குறைவாக எடுப்பதால் வயரில் தொலையும் வோல்ட்டும் குறைவு. இழைப் பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 விநாடி எடுக்கும், எல்.ஈ.டி. உடனே எரியும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவருக்கு அது கிட்டத்தட்ட 3 மீற்றர் இலாபம். ஆயினும் எல்.ஈ.டி.க்கும் எர்த் வேண்டும். அடைப்பு விட்டு நீர் புகுந்த எல்.ஈ.டி.யைத் திறந்து பல்ப் மாற்ற முடியாது என்பதையும் கருத்திற் கொள்க.

லேண்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கு

சிறு தோட்டக்காரரும் மரக்கறிச் செய்கையாளரும் பாவிக்கும் இரு சக்கர லேண்ட்மாஸ்டர்கள் பலவற்றில் பற்றரியே இல்லை. கையால் சுழற்றி இயக்குகிறார்கள். முன்விளக்கு இருந்தால் அது என்ஜின் சுழலும் வேகத்துக்கேற்பக் கூடிக் குறையும். அதிலிருந்து பின்விளக்குக்கு மின்சாரம் எடுத்தால், என்ஜின் நின்றதும் பின்விளக்கும் நின்றுவிடும்.

இதற்கு எளிய வழி, பெட்டிக்கே சொந்தமாக ஒரு பற்றரி வைப்பது. கணினிகளுக்கு மின்தடை நேரத்தில் பயன்படும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி போதும். எல்.ஈ.டி. வால் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 2 வாட் எடுத்தால், அந்தப் பற்றரி 20 மணித்தியாலம் தாராளமாகத் தாங்கும். வீட்டில் சார்ஜ் செய்யலாம். சிறிய சூரியத் தகடு ஒன்றையும் பூட்டலாம். பற்றரியின் பொசிட்டிவ் முனைக்கு அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். லேண்ட்மாஸ்டர் பெட்டியில் சாரதி அமர்வதும் பிரேக்கை மிதிப்பதும் பெட்டியிலேயே என்பதால், பிரேக் சுவிட்சையும் அந்தப் பெடலிலேயே பூட்டிவிடலாம்.

மின்சாரம் கேட்காத விளக்கு

எல்லா வயரும் அறுந்தாலும் வேலை செய்யும் ஒன்று இருக்கிறது. அது சிவப்பு ஒளித்தெறிப்பான். பின்னால் வரும் வாகனத்தின் விளக்கு பட்டதும் அது மின்னும். பெட்டியின் பின்பலகையில் இரு ஓரங்களிலும் இரண்டு, பக்கப் பலகைகளில் மஞ்சள் நிறத்தில் இரண்டிரண்டு பூட்டுக.

அமெரிக்காவின் ஓஹாயோ அரச பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் மெதுவாக ஓடும் பண்ணை வாகனங்களுக்கென்று ஒரு முக்கோண அடையாளம் வடிவமைக்கப்பட்டது. நடுவில் ஒளிரும் செம்மஞ்சள், ஓரத்தில் ஒளி தெறிக்கும் சிவப்பு. பகலில் நடுப்பகுதியும் இரவில் ஓரமும் தெரியும். இன்று பல நாடுகளில் அது டிரெக்டர்களின் பின்னால் இருக்கிறது. முன்னால் போவது மெதுவான வண்டி என்பதைத் தூரத்திலேயே சொல்லிவிடும் இத்தகைய முக்கோணத்தை எமது கராஜ்களிலும் தகரத்தில் வெட்டி ஒளித்தெறிப்பு ஸ்டிக்கர் ஒட்டிச் செய்யலாம். விளக்குக்கு மாற்றாக அல்ல, விளக்கோடு கூட.

கொழுந்துச் சாக்குகளும் விறகும் பின்பலகைக்கு மேலால் தொங்கி விளக்கை மறைக்காமல் பார்ப்பது ஏற்றுபவரின் பொறுப்பு. உரம் ஏற்றியபின் பெட்டியைக் கழுவும்போது விளக்கின் அடிப்பகுதியையும் பிளக்கையும் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். அமோனியா கலந்த உரங்கள் செம்பையும் பித்தளையையும் அரிப்பவை.

பிழை கண்டுபிடிக்க ஒரு சிறு அட்டவணை

ஒரே ஒரு விளக்கு எரியவில்லை: பல்ப், ஹோல்டரின் சுருள், அந்த விளக்கின் வயர்.

எல்லாம் எரியவில்லை: பியூஸ், பிளக், வெள்ளை வயர்.

எல்லாம் மங்கலாக எரிகின்றன: வெள்ளை வயர், வயரின் தடிப்பு, பல்பின் வோல்ட்.

பிரேக்கை மிதித்தால் வேறு விளக்கு எரிகிறது: வெள்ளை வயர், அது சரியென்றால் பல்ப் மாறிப் பூட்டப்பட்டிருக்கும்.

சிக்னல் போட்டால் மறுபக்கம் சிமிட்டுகிறது: 1ஆம், 4ஆம் முனைகள் மாறியுள்ளன.

நிற்கும்போது சரி, ஓடும்போது அணைகிறது: தளர்ந்த பிளக், இழுபடும் வயர், சட்டத்தில் இறுகாத எர்த்.

யாருடைய பொறுப்பு?

வீதியில் ஓடும் வாகனங்களை இலங்கையில் ஒழுங்குபடுத்துவது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். தோட்டத்து உள்வீதி என்று அலட்சியமாக இருப்போரும் உண்டு. அந்த உள்வீதியில்தான் எமது பிள்ளைகள் பாடசாலை விட்டு நடந்து வருகிறார்கள். அங்கேதான் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் இருட்டில் வளைவு திரும்புகின்றன.

இந்த மலைப்பகுதி மழைக்கு எவ்வளவு எளிதில் ஆளாகிறது என்பதை நாம் அறிவோம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2023 மார்ச் 19இல் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. மழை வலுத்து லயத்தை விட்டு வெளியேற வேண்டிய இரவு வந்தால், வயதானவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றுவதற்குத் தோட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் வாகனம் பல இடங்களில் டிரெக்டர்தான். அன்று இரவு வயர் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விளக்குக்கான செலவை வண்டிச் சொந்தக்காரர் ஏற்க வேண்டும். தோட்டத்து வண்டியென்றால் நிர்வாகம் ஏற்க வேண்டும். இரண்டு விளக்கு, ஒரு பிளக், ஒரு சொக்கட், சில மீற்றர் வயர் ஆகியவற்றின் விலையை ஒரு டிரெய்லர் டயரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. ஆனால் கேட்காமல் கிடைப்பது அரிது. சாரதி கேட்க வேண்டும். பெட்டியில் கொழுந்தோடு போகும் தொழிலாளரும் கேட்க வேண்டும்; பின்பலகைக்கு மிக அருகில் அமர்ந்திருப்பது அவர்களே. மாதர் சங்கக் கூட்டத்திலோ இளைஞர் கழகத்திலோ இதை ஒரு விடயமாக எடுத்து, எத்தனை பெட்டிக்கு விளக்கு உண்டு, எத்தனைக்கு இல்லை என்று ஒரு மாலை எண்ணிப் பார்த்து எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கலாம். எழுத்தில் கொடுத்ததற்கு மறுமொழி வரும்.

அன்றாடச் சோதனைக்கு இரண்டு பேரும் ஒரு நிமிடமும் போதும். ஒருவர் ஆசனத்தில், மற்றவர் பின்பலகைக்கு நேரே. வால் விளக்கு, பிரேக், இடம், வலம் என்று ஆசனத்தில் இருப்பவர் ஒவ்வொன்றாகப் போட, பின்னால் நிற்பவர் எரிவதைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். கடைசியில் வால் விளக்கையும் பிரேக்கையும் சிக்னலையும் மூன்றையும் ஒருசேரப் போட்டுப் பார்க்க வேண்டும். தனித்தனியே சரியாக எரிந்து, சேர்த்துப் போடும்போது மங்கினால் வெள்ளை வயரைப் பாருங்கள். மடுவத்திலிருந்து முதல் கியர் போடும் முன் இதைச் செய்து முடித்துவிடுங்கள்.